தம்பியின் ரத்தம்

நசுக்கும் இயந்திரத்தில் இரண்டாவது கான்கிரீட் கியூப் மெல்ல முனகி, பக்கவாட்டில் வெடித்து, மணல் கடிகாரம் போல இடுப்பு சிறுத்து நின்றது. அது தாங்கிய அளவை அவர் குறித்துவிட்டு, மிச்சத்தைச் சுத்தியலால் ஓங்கி அடித்துத் தூளாக்கினார். அதற்கு அவசியமே இல்லை. இந்த ஏழு வாரமாக அப்படித்தான் அடிக்கிறார். கட்டடம் கட்டுகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் நொறுக்கி. தளத்துக்குப் போட்ட கான்கிரீட்டிலிருந்தே சிறிது எடுத்து அச்சில் வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து அனுப்புவார்கள். அதை நசுக்கி, எவ்வளவு தாங்கியது என்று சொல்வது அவர் வேலை. சிலர் கியூபுக்கு மட்டும் சிமெண்டைக் கூடுதலாகப் போட்டு அனுப்புவதுண்டு. பத்தொன்பது வருடத்தில் ஒருவனையும் அவர் தப்பவிட்டதில்லை.

மூன்றாவது கியூபைத் தட்டுகளுக்கு நடுவில் வைத்து மோட்டாரைப் போட்டார். சில்லு தெறிக்காமல் தடுக்க முன்னால் இருக்கும் கம்பிக் கதவைச் சாத்தக் கை நீட்டியபோது வாசலில் தம்பி நின்றிருந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். சீருடையில் கிரீஸ் கறையோடு வேலைக்கு நடுவிலேயே வந்திருந்தான்.

"அண்ணி போன் பண்ணாங்க. அழுதாங்க."

"எதுக்கு?"

"சந்தோஷத்துல."

ஏழு வாரத்துக்கு முன்னால், சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று போன இடத்தில் டாக்டர் புராஸ்டேட் சுரப்பியைச் சோதிக்க ரத்தம் எடுக்கச் சொன்னார். நாலுக்குள் இருக்கவேண்டிய எண் பதினான்கு இருந்தது. "எண் கூடினா புற்றுதான்னு அர்த்தமில்ல. ஆறு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தா ஸ்கேன். அதுல சந்தேகமா ஏதாவது தெரிஞ்சா, ஊசியால பன்னெண்டு இடத்துல துளி துளியா சதை எடுத்துப் பாக்கணும்" என்றார் டாக்டர். பன்னிரண்டு என்ற சொல்லுக்குப் பிறகு அவர் காதில் எதுவும் ஏறவில்லை. மனைவி அன்றிலிருந்து தூங்கவில்லை. இருட்டில் அவர் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருந்தாள். இரண்டாவது முறை ரத்தம் கொடுக்க, தன் பெயரைச் சொல்லச் சொல்லி அவர் தம்பியை அனுப்பினார். கவுண்டரில் பெயரை மட்டும்தான் கேட்டார்கள். எண் ஒன்று புள்ளி இரண்டு என்று வந்தது.

"அவ நிம்மதியாத் தூங்கட்டும்னுதானே. நீயும் சரின்னுதானே வந்த."

"ஒரு வாரத்துல நீயே சொல்லிடறேன்னியே, அதனால வந்தேன். இப்ப டாக்டர் ஒரு வருஷம் கழிச்சு வான்னுட்டாரு. ஒரு வருஷம், அண்ணா." தம்பி உள்ளே வந்தான். "நாளைக்குக் காலைல பத்தே காலுக்கு வேற டாக்டர்கிட்ட உன் பேரைக் குடுத்திருக்கேன். இன்னிக்கு நீ அண்ணிகிட்ட சொல்லு. இல்லன்னா நான் சொல்றேன்."

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்ததுதான் தெரியும். அவர் கழுத்துப்பட்டியைப் பிடித்து அவனைத் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்து மோதினார். தம்பியின் முதுகு சிமெண்ட் விளிம்பில் இடித்தது.

"சொல்லித்தான் பாரேன். கொன்னுடுவேன்."

"கொல்லு. எனக்கு முன்னாடி நீ போயிடப் பாக்கற, அதுக்கு இது தேவலாம்."

கன்னத்தில் அறைந்தார். மறுபடி அறைந்தார். தம்பி தடுக்கவில்லை. அதுதான் அவரை இன்னும் வெறியேற்றியது. தோளைப் பிடித்து இழுத்து எதிர்ப்பக்கம் தள்ளினார். அவன் இயந்திரத்தின் மேல் போய் விழுந்து, அதையே பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தலைக்குப் பின்னால் இயந்திரத்தின் அளவு முள் ஏறிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. கியூப் தேற அறுநூறு கிலோநியூட்டனைத் தாண்டினாலே போதும். எழுநூற்றைம்பது. தொள்ளாயிரம். முதல் இரண்டும் அறுநூற்றுச் சொச்சத்தில் உடைந்தவை. இது அந்தக் கலவை இல்லை என்று ஒரு நொடியில் புரிந்தது. சாத்தாத கம்பிக் கதவும் அதே நொடியில்தான் நினைவுக்கு வந்தது.

"தள்ளிப் போடா—"

துப்பாக்கி வெடித்தது போல இருந்தது. சில்லுகள் சுவரெங்கும் தெறித்தன. அவர் கண்ணைத் திறந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முள் பூஜ்யத்தில் கிடந்தது. தம்பி தரையில் உட்கார்ந்து நெற்றியைப் பொத்தியிருந்தான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

மோட்டாரை நிறுத்தினார். தோள்துண்டை மடித்துக் காயத்தில் அழுத்தினார். கண்ணுக்கு ஒரு விரல்கடை மேலே. தம்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் எத்தனை தடவைதான் என் ரத்தத்தையே எடுப்ப?"

அவர் துண்டைத் திருப்பி மடித்து மறுபடி அழுத்தினார்.

"பன்னெண்டு ஊசிடா" என்றார்.

"தெரியும்."

துண்டைத் தம்பியின் கையில் கொடுக்காமல் இடது கையால் அழுத்தியபடியே, வலது கையால் மேசைமேல் இருந்த பேரேட்டை இழுத்தார். மூன்றாவது கியூபுக்கு நேரே, 'இது அந்தக் கட்டடத்தின் கான்கிரீட் அல்ல' என்று எழுதினார். பேனாவை வைத்துவிட்டு, தரையில் கிடந்த தம்பியின் போனை எடுத்தார். திரையில் கீறல் விழுந்திருந்தது. மனைவியின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் காலடியில் கியூபின் துண்டு ஒன்று உடைந்த முகம் மேலே தெரியக் கிடந்தது. அதில் விழுந்திருந்த ஒரு துளி ரத்தம், சாம்பல் ஈரத்தில் ஓரம் கலைந்து, மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.