வந்த இடத்துக்குப் போன வாசகம்

அமெரிக்க நகரமான டொலீடோவின் ஆற்றோரப் பள்ளிவாசல் சுவரில் யாரோ எழுதிவைத்த ‘வந்த எடத்துக்கே திரும்பிப் போங்க’ என்ற வாசகம், நான்காம் நாள் வியாழக்கிழமை, சொன்ன சொல் தவறாமல் தானே திரும்பிப் போகப் புறப்பட்டது. அதற்கு முன் மூன்று நாள் ஆட்கள் மாறி மாறித் தேய்த்தும் ஓர் எழுத்துகூட மங்கியிருக்கவில்லை. மதியத் தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள், அது முழங்கால் உயரத்துக்கு இறங்கி, முதல் எழுத்து முன்னே போக மற்றவை பின்னே தொடர, சுவரோரம் நகர்வதைப் பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை. பிப்ரவரி மாதம், தெருவெல்லாம் பனி. வாசகம் பனியில் இறங்காமல் சுவர் சுவராகவே போயிற்று. வெள்ளிக்கிழமை பேருந்து நிழற்குடையிலும், சனிக்கிழமை பல் மருத்துவமனையின் பக்கச் சுவரிலும், ஞாயிறன்று தேவாலயத்து மதிலில் அரைமணி நேரமும் தங்கியது. எங்கெல்லாம் அந்தப் பேச்சு ஒருமுறையாவது பேசப்பட்டிருந்ததோ அங்கெல்லாம் நின்று இளைப்பாறியது என்று பின்னால் யோசித்தவர்கள் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை காலை பெயிண்டும் மரப்பலகையும் விற்கும் ஒரு கடைக்குள் நுழைந்து, ஊழியர்கள் சாப்பிடும் அறையில், காபி இயந்திரத்துக்கு மேலே ஏறிப் படுத்துக்கொண்டது.

அந்தக் கடையில் ஏழு வருடமாக நிறம் கலந்துகொண்டிருந்தவள் ரபாப் ஷுகைர். தாத்தா லெபனானிலிருந்து வந்தவர். அவளும் அவள் அப்பாவும் இதே ஊரில் பிறந்தவர்கள். யாராவது திரைச்சீலைத் துண்டொன்றைக் கொண்டுவந்து நீட்டினால் போதும், அந்த நிறத்தை ஒரே கலவையில் பிடித்துவிடுவாள். மரப்பலகைப் பிரிவில் இருந்த டுவெய்ன் தினமும் அவளிடம், “ஒட்டகத்தை எங்க நிறுத்தியிருக்கே?” என்று கேட்பான். அவள் பையைக் கீழே வைத்தால் காதைப் பொத்திக்கொள்வான். உலகத்தில் எங்கேயாவது குண்டு வெடித்த செய்தி வந்தால், “உங்க ஆளுங்கதானே? வந்த எடத்துக்கே போங்களேன்” என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ரபாபும் சிரிப்பாள். வீடு போய்ச் சேரும்வரை தாடை வலிக்கும். இரண்டு முறை மேலாளர் கெய்லிடம் முறையிட்டாள். “அவன் வாய்தான் அப்படி, மனசுல ஒண்ணுமில்ல” என்ற ஒரே பதில்தான் இரண்டு முறையும் கிடைத்தது.

இப்போது கெய்ல் அவளை அழைத்து, சுவரைக் காட்டினாள்.

“மத்தியானத்துக்குள்ள ரெண்டு பூச்சு அடிச்சு மறைச்சிடு ரபாப். உனக்குத்தான் கைவந்த வேலையாச்சே.”

“அடிக்க மாட்டேன்.”

தன் குரல்தானா அது என்று ரபாபுக்கே சந்தேகமாக இருந்தது.

“ஏழு வருஷமா நான்தான் இதை மறைச்சிட்டிருக்கேன், கெய்ல். சிரிச்சுச் சிரிச்சே மறைச்சேன். இனிமே முடியாது. வேலையை விட்டு அனுப்புறதுன்னா அனுப்புங்க.”

டுவெய்ன் பதறினான். “நான் எழுதலைப்பா! பள்ளிவாசல் பக்கமே நான் போனதில்ல!”

“நீ எழுதலை. ஆனா தினம் சொன்னே. நான் பொறந்த ஆஸ்பத்திரி இங்கேருந்து ரெண்டு சிக்னல்தான். எங்க போகச் சொல்றே, அந்தப் பிரசவ வார்டுக்கா?”

கல்லாவில் இருக்கும் வெர்னா பக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். “அவன் சொன்னப்பல்லாம் நானும் இப்படித்தான் சிரிச்சேன்” என்றாள், கண் கலங்க.

கெய்ல் தன் அறைக்குப் போனாள். ஒரு காகிதத்தோடு திரும்பினாள். முன்பு காற்றில் விட்ட இரண்டு புகார்களையும் ரபாப் சொல்லச் சொல்லத் தன் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டாள். டுவெய்னின் காது சிவந்திருந்தது.

“தமாஷுன்னு நெனச்சேன்.”

“உனக்குத் தமாஷு.”

“தப்புதான்” என்று முதலில் காபி இயந்திரத்தைப் பார்த்துச் சொன்னான். பிறகு திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை சொன்னான். வாசகம் மெல்ல இறங்கி, கதவிடுக்கு வழியே வெளியேறியது. அன்று வீடு போய்ச் சேர்ந்தபின்தான் ரபாப் கவனித்தாள், தாடை வலிக்கவில்லை.

மறுநாள் டுவெய்ன் தொலைபேசியில் கூப்பிட்டான். வாசகம் அவன் வீட்டுக் கார் கொட்டகைக் கதவில் இருந்தது. எந்தப் பூச்சு இதை மறைக்கும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். “எதுவும் மறைக்காது. ஆனா இனிமே அது எங்கேயும் போகாதுன்னு நெனக்கிறேன்” என்றாள் ரபாப். அப்படியே ஆயிற்று. அதற்குப் பிறகு கடையில் அந்தப் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. கெய்லும் எடுக்க விடவில்லை. பள்ளிவாசலில் எழுதிய ஆள் கடைசிவரை அகப்படவில்லை. இரண்டாம் வருடம் ரபாப் அந்தக் கடைக்குத் துணை மேலாளர் ஆனாள். டுவெய்ன் வருடா வருடம் வசந்தத்தில், அவள் கலந்து கொடுத்த ஆலிவ் பச்சையை வாசகத்தைச் சுற்றிக் கவனமாக அடிக்கிறான். அக்கம்பக்கத்தார் கேட்டால், “என்னோடதுதான்” என்கிறான். அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு எண் பலகை கிடையாது. அதனால் புதிதாக வரும் தபால்காரர்களுக்கு, எழுத்து இருக்கும் கதவிலிருந்து இடப்பக்கம் மூன்றாவது வீடு, வலப்பக்கம் நான்காவது வீடு என்றுதான் வழி சொல்லித்தருகிறார்கள்.