அடுத்தவள் பிள்ளை

ரோண்டா தன் மகன் வெஸ்லியைப் பார்த்துக்கொள்வது வேலை இல்லை. சட்டம் அப்படித்தான் சொன்னது. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு ஊட்டி, கழுவி, காய்ச்சல் வந்தால் கண்விழித்துக் கிடந்தாலும் அவள் வீட்டில் சும்மா இருப்பவள்தான். அரசாங்கம் மாதாமாதம் தரும் உதவிக் காசோலை வேண்டுமென்றால் வாரத்துக்கு முப்பது மணி நேரம் உழைத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் காசோலை நிற்கும். காசோலை நின்றால் வாடகை வீடும் போகும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக அவளுக்கு வேறு இடமில்லை.

உழைப்பதற்கு அங்கே என்ன இருந்தது? கென்டக்கி மலைக்குள் அந்தப் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கத்தை மூடிப் பல வருஷமாயிற்று. வேலை தேடி ஒஹாயோவுக்குப் போன புருஷன் போனவன்தான். கோழி வெட்டும் தொழிற்சாலை இரண்டு மலை தாண்டி இருந்தது. ரோண்டாவிடம் கார் கிடையாது. பஸ் என்ற ஒன்றை அந்த ஊர் கண்ணால் கண்டதில்லை.

வழி சொன்னவள் உதவி அலுவலகத்து அதிகாரி மிஸஸ் ஸ்டம்போதான். கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. இத்தனை பேரை வேலையில் காட்டியே ஆக வேண்டும் என்று அவள் தலைமேலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“பக்கத்து வீட்டு ட்வைலாவோட பாப்பாவ நீ பாத்துக்க. ட்வைலா உன் பையனப் பாத்துக்கட்டும். ரெண்டு பேருக்கும் வேலைக் கணக்குல வந்துரும்.”

“என் பையன நானே பாத்துக்கிட்டா?”

“அது வேலை இல்லம்மா.”

“அவ பாத்தா மட்டும் வேலையா?”

“சட்டத்த நானா எழுதுனேன், கண்ணு?” என்றாள் ஸ்டம்போ.

ட்வைலாவிடம் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா புருஷனுங்களையும் மாத்திப் பாத்திருக்கலாமேடி. ரெண்டு பேருக்கும் சம்பளம் வந்திருக்கும்.”

இருவரும் இருந்தது சுரங்கக் கம்பெனி அந்தக் காலத்தில் கட்டிப்போட்ட இரட்டை வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு பலகைச் சுவர். காலையில் வாசலில் பிள்ளைகளை மாற்றிக்கொள்வார்கள். ட்வைலாவின் கைக்குழந்தை ஷெல்பி இந்தப்பக்கம் வரும், வெஸ்லி அந்தப்பக்கம் போவான். முதல் வாரம் முழுக்க அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். அம்மா அதற்குப் பின்னால்தான் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். ஒருநாள் கரண்டியால் பலகையைத் தட்டினான். ரோண்டா இங்கிருந்து இரண்டு தட்டுத் தட்டினாள். அழுகை நின்றது. அன்றிலிருந்து அவன் தட்டுவான், அவள் தட்டுவாள், அதை வைத்தே பொழுது போனது.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு மதியம் மனசு கேட்காமல் ஷெல்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப்பக்கம் போய் மகனுக்கு அவரைக்காய்ச் சூப்பும் சோள ரொட்டியும் ஊட்டினாள். சொல்லிவைத்த மாதிரி ஸ்டம்போ வந்து நின்றாள்.

“வேலை நேரத்துல சொந்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்க. இந்த வாரம் கணக்குல வராது. இன்னொரு தடவை பாத்தேன்னா காசோலைய நிறுத்துறதத் தவிர எனக்கு வேற வழியில்ல.”

பிப்ரவரியில் ஒருநாள் வெஸ்லி விடியும்போதே காதைப் பிடித்துக்கொண்டு முனகினான். “காது வலிக்குதுங்கறான், கொஞ்சம் பாத்துக்கடி,” என்று ட்வைலாவிடம் கொடுத்தாள். அவன் காதோரம் குனிந்து, “தட்டு, அம்மா தட்டுறேன்,” என்றாள்.

சற்று நேரத்தில் ஸ்டம்போ வந்தாள். அடுப்பங்கரை மேசையில் தாள்களை விரித்து எழுத ஆரம்பித்தாள். ரோண்டா ஷெல்பிக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் கரண்டி தட்டியது.

“என்ன சத்தம்?”

“எலியா இருக்கும்,” என்றாள் ரோண்டா.

மறுபடி தட்டியது. பிறகு பலமாக, விடாமல் தட்டியது. அதன்பின் அழுகை. பசி அழுகை எது, தூக்க அழுகை எது என்று பெற்றவளுக்குத் தெரியாதா? இது வலி.

ஸ்டம்போவும் மூன்று பெற்றவள்தான். தலையைத் தூக்காமல் கேட்டாள். “உன் பையனா?”

“ட்வைலா பாத்துக்குவா.”

போய்ப் பார்த்துவிட்டு வா என்று அவள் வாயிலிருந்து வரும் என்று ரோண்டா காத்திருந்தாள். ரோண்டாவே கேட்கட்டும் என்று ஸ்டம்போ காத்திருந்தாளோ என்னவோ. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அந்தப்பக்கம் அலறல் உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று நின்றது. ஸ்டம்போ கையெழுத்துப் போட்டாள். “நல்லாப் பாத்துக்கற. இப்படியே இரு.”

கார் நகர்ந்ததும் ரோண்டா ஓடினாள். ட்வைலாவின் மடியில் வெஸ்லி துவண்டு கிடந்தான். இடது காதிலிருந்து சீழும் ரத்தமும் கழுத்துவரை வழிந்திருந்தது.

“கதவு வரைக்கும் வந்தேன்டி,” என்றாள் ட்வைலா. அவளும் அழுதுகொண்டிருந்தாள். “அவ கார் வாசல்ல நின்னுட்டிருந்துச்சு. வந்தா ரெண்டு பேருக்கும் காசோலை போயிருமேன்னு திரும்பிட்டேன்.”

ரோண்டா கையை நீட்டினாள். வெஸ்லி அவளைப் பார்த்தான். அழவில்லை, வரவுமில்லை.

செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார் மருத்துவர். இடது காது சில மாதம் மந்தமாக இருக்கும், வலது காதில் குறையில்லை என்றார். ஒன்றாம் தேதி காசோலை சரியாக வந்தது.

காய்ச்சல் இறங்கி வெஸ்லி மறுபடி அந்தப்பக்கம் போன காலையில் சுவர் சும்மா இருந்தது. ரோண்டா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே முதலில் இரண்டு தட்டுத் தட்டினாள். பதில் இல்லை. கையை மடக்கி ஓங்கித் தட்டினாள்.

வலது காதும் போயிருக்கட்டும், கேட்காமலேயே இருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். பெற்றவள் வேண்டுகிற வேண்டுதலா அது? அன்று அவளுக்கு வேண்டிக்கொள்ள வேறெதுவும் இல்லை.

“அவனுக்குக் கேக்கலையாடி?” என்று பலகையோடு வாயை வைத்துக் கேட்டாள்.

அந்தப்பக்கம் டப்பா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“பிஸ்கெட் டப்பாவத் திறந்தா திரும்பிப் பாக்குறான்டி,” என்றாள் ட்வைலா.