வலப்பக்கமிருந்து இழுத்த கோடு

ஷாஹீதா சீனத்தில் 'மூன்று' எழுதினாள். படுக்கையாக மூன்று கோடுகள், அவ்வளவுதான். அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. ஸ்டீபன் டஸ்டரை எடுத்து அழித்தான்.

"திருப்பி எழுதுங்க."

"என்ன சார் தப்பு?"

"வலது பக்கத்துலருந்து இழுக்குறீங்க."

சின்ன வயதில் மதரஸாவில் அரபி எழுதிப் பழகிய கை. தமிழை ஒழுங்காக இடமிருந்துதான் எழுதும். ஆனால் தனிக் கோடு என்று வந்துவிட்டால் அவளை அறியாமல் வலப்பக்கம் போய் நின்றுகொள்ளும். எழுதி முடித்த பிறகு பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஸ்டீபன் எழுத்தைப் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்ப்பான்.

கொட்டாம்பட்டி தாண்டி நான்குவழிச் சாலையோரம் தைவான்காரர்கள் செருப்புக் கம்பெனி தொடங்குகிறார்கள், மொழிபெயர்க்க ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், கோச்சடையில் ஒரு மாடியறையைப் பிடித்து வகுப்பு ஆரம்பித்தான். சீனாவில், குவாங்சௌ நகரத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். மனைவி ஜாய்ஸ் காய்ச்சலில் போனபோது அங்கேதான் இருந்தான். வந்து சேர்ந்தபோது கல்லறை மண் காயத் தொடங்கியிருந்தது. எல்லோரும் அழுது முடித்திருந்தார்கள். அவனுக்காக இன்னொரு முறை அழ யாருக்கும் தெம்பில்லை. அவனுக்கும் அழுகை வரவில்லை.

எப்போது எதைச் செய்வது என்ற அந்தக் குழப்பம் சீன எழுத்தில் இல்லை. எந்தக் கோட்டுக்குப் பிறகு எந்தக் கோடு என்பதில் சந்தேகமே கிடையாது. மேலே இருப்பது முதலில், கீழே இருப்பது பிறகு. சதுரத்துக்குள் ஏதாவது இருந்தால் அதை எழுதிவிட்டுத்தான் அடியை மூட வேண்டும். தப்பினால் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம்.

அவனோடு கல்லூரியில் படித்த ஆல்பினும் வகுப்புக்கு வந்தான். 'வாய்' என்ற சதுர எழுத்துக்கு, 'ப' போட்டு மேலே மூடி வைத்து முடிப்பான்.

"வாய் வந்துருச்சுல்ல மாப்ள. எந்தப் பக்கமா வந்தா என்ன?"

"அடிக்கோடு கடைசில."

"எம்புட்டு நாளைக்குடா இந்த அடிக்கோடு? கம்பெனிக்காரன் என்ன, கோலம் போடவா ஆள் எடுக்குறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் ஆல்பின் வரவில்லை. செல்போனில் யாரோ ஒரு சீனக்காரரோடு பேசிப் பழகுவதாகக் கேள்வி. ஒவ்வொருவராக நின்றார்கள். ஷாஹீதா மட்டும் நிற்கவில்லை.

அவளுக்கு அந்த வேலை வேண்டும். புருஷன் விட்டுப்போன பிறகு, மகள் ஹாஜராவோடு நெல்பேட்டையில் அண்ணன் வீட்டில் இருந்தாள். குளிக்கிற சோப்புகூட அண்ணி எடுத்துக் கொடுத்தால்தான். வீட்டில் இடமில்லை, பிள்ளையை ஹாஸ்டலில் சேர்த்துவிடலாம் என்று அண்ணன் ஜுல்பிகர் முடிவு செய்திருந்தார். கம்பெனியில் குடியிருக்க அறை தருவார்கள். வேலை கிடைத்தால் பிள்ளை அவளோடேயே இருக்கும்.

"பேசவும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க சார்" என்று ஒருநாள் கேட்டாள்.

"மொதல்ல கோடு சரியாகட்டும்."

குவாங்சௌவில் பேனா பிடித்து எழுதியவர்களை அவன் அதிகம் பார்த்ததில்லை. எல்லாம் செல்போன்தான். அதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் எழுதினாள். அவன் அழித்தான். மறுபடி எழுதினாள். மறுபடி அழித்தான். புர்காவின் கையெல்லாம் சாக்பீஸ் தூளில் வெளுத்துக் கிடக்கும். அவள் கண்ணில் நீர் கட்டும்வரை விடமாட்டான். அதைப் பார்க்கும்போது அவன் நெஞ்சுக்குள் ஏதோ லேசாக அசையும். வாரம் முழுக்க வேறு எதற்கும் அசையாதது. அதற்காகவே வகுப்பு நடக்கும் சனிக்கிழமையை எதிர்பார்க்கத் தொடங்கினான்.

நேர்காணலில் நடந்ததை ஆல்பின்தான் போனில் சொன்னான். யாரையும் எழுதச் சொல்லவில்லை. எந்த ஊர், சாப்பிட்டாயா, மெஷின் நின்றுபோனால் என்ன சொல்வாய் என்று அதிகாரி சீனத்தில் கேட்டிருக்கிறார். ஷாஹீதாவுக்கு முதல் கேள்வியே பிடிபடவில்லை. பேனாவை எடுத்து எழுதிக் காட்டப் போயிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே தன் செல்போனைத் தூக்கிக் காட்டி, நாங்களே இதில்தான் எழுதுகிறோம் என்றாராம்.

"எனக்கு கெடச்சிருச்சு மாப்ள. தப்புத்தப்பாத்தான் பேசுனேன். ஆனா வாய மூடவே இல்ல" என்றான் ஆல்பின்.

சனிக்கிழமை ஷாஹீதா வந்தாள். ஒரு நீலத் தகரப் பெட்டியை மகளோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு படியேறி வந்து, அறை நடுவில் வைத்தாள்.

"எழுத்தே கேக்க மாட்டாங்கன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

பொய் சொல்லலாம். அதற்கும் சோம்பலாக இருந்தது.

"தெரியும்."

"அப்ப ஏன் சார்?"

"நீங்க ஒருத்தர்தான் சொன்னதக் கேட்டீங்க."

அவன் அவள் கண்களைப் பார்த்தான். காய்ந்திருந்தன. அவள் பையிலிருந்து வெள்ளைப் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"நாளைக்கு இவள ஹாஸ்டல்ல கொண்டுபோயி விடுறோம். பெட்டில பேரு இருக்கணுமாம். எழுதுங்க. தமிழ்லதான்."

"நீங்களே எழுதலாமே."

"இல்ல சார். ஒங்க கைதான் எழுதணும். நான் நின்னு பாக்குறேன்."

ஹாஜரா பெட்டிக்கு அந்தப் பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"பெருசா எழுதுங்க அங்கிள். இல்லாட்டி வேற பிள்ளைக எடுத்துக்கிருவாங்க."

அவன் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு குனிந்தான். ஜன்னல் வெயில் தகரத்தில் பட்டுக் கண் கூசியது. கை இறங்கவில்லை. பிரஷ் நுனியில் பெயின்ட் திரண்டு, கனத்து, மூடியின் மேல் சொட்டியது. பிள்ளை அவசரமாக அதை விரலால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது பரவிக்கொண்டே போனது.