கல்லில்லாத மண்

நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தவனின் சட்டையை அண்ணி பின்னாலிருந்து இழுத்தாள்.

"அத விடுங்க தம்பி, யாராவது போட்டுக்குவாங்க. உங்க டெஸ்டர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் வண்டியில இருக்கா?"

"இருக்கு அண்ணி. எங்கயாவது லைட் எரியலையா?"

"எடுத்துக்கிட்டு தோட்டத்துக்கு வாங்க."

அண்ணன் முன்னறையில் பெட்டிக்குள் படுத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை பல் துலக்கப் போனவர் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார், பிறகு எழுந்திருக்கவில்லை. இன்று ஞாயிறு. மகள் விமானம் மாறி மாறி வந்துகொண்டிருந்தாள். அவள் மூன்று மணிக்கு வந்ததும் நான்கு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. இப்போது மணி ஒன்றரை.

தோட்டத்தில் அது நின்றது. மூன்று மாதமாகப் போனில் மட்டுமே கேட்டிருந்ததை அவன் இன்றுதான் கண்ணால் பார்த்தான். இரண்டு சைக்கிள் சக்கரங்கள், நடுவில் கம்பிவலையைச் சுருட்டிப் பீப்பாய் மாதிரி கட்டியது. ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் இரும்புச் சட்டத்தில் சாய்ந்து படுத்திருந்தது. மேல்வாயில் மண்ணை அள்ளிப் போட்டால், பீப்பாய் சுற்றச் சுற்ற மண் வலைக்கண் வழியாகக் கீழே உதிரும். கல் மட்டும் உருண்டு மறுமுனையில் போய் விழும். ஓட்டுவதற்குப் பழைய வாஷிங் மெஷின் மோட்டார். மோட்டாரிலிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து சைக்கிள் செயின், செயின் போய்ப் பின்சக்கரத்தில். எல்லாம் முடிந்திருந்தது. மோட்டாரின் நான்கு வயர்கள் மட்டும் எதிலும் சேராமல், நனையாதபடி ஒரு பாலித்தீன் பைக்குள் சுற்றி வைக்கப்பட்டிருந்தன.

எல்லாம் கேரட்டால் வந்த வினை. பஸ் பணிமனையில் முப்பது வருடம் டயர் மாற்றிவிட்டு வீட்டுக்கு வந்த அண்ணன் கேரட் போட்டார். மண்ணில் கல் இருந்ததால் ஒவ்வொரு கேரட்டும் இரண்டு காலோடு, கால்சட்டை போட்ட மாதிரி வந்தது. தெருவே சிரித்தது. "மெஷின் பண்றேன்டா. மோட்டார் கனெக்ஷன் மட்டும் நீ வந்து குடு" என்றார். லிஃப்டுக்கு வயரிங் செய்கிறவனுக்கு அது பத்து நிமிட வேலை. அதனாலேயே எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்று இருந்துவிட்டான். உண்மையைச் சொன்னால், அண்ணன் வீட்டுக்குப் போனால் பொழுது சாயாமல் விடமாட்டார். ஞாயிறு ஒன்றுதான் தூங்கக் கிடைப்பது. பதினோரு ஞாயிறு போயிற்று. "இந்த ஞாயிறு கட்டாயம் வர்றேண்ணே" என்று புதன்கிழமைதான் சொல்லியிருந்தான். சொன்னபடி வந்துவிட்டான்.

"நாலு வாளி மண்ணு வேணும்" என்றாள் அண்ணி. "காலையில இடுகாட்டுக்குப் போய்ப் பாத்தேன். தோண்டிப் போட்டதுல பாதி ஜல்லி. உங்கப்பாவ புதைச்சப்ப பெட்டி மேல கல்லு விழுந்த சத்தம் இன்னும் காதுல இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. இவர் மேல அப்படி விழக்கூடாது. முதல்ல நம்ம தோட்டத்து மண்ணு, சலிச்ச மண்ணு, பெட்டிய மூடுற அளவுக்குப் போடணும்."

"நாலு பேரக் கூப்பிட்டு கையால சலிச்சுடலாம் அண்ணி."

"இதுலதான் சலிக்கணும்."

அவன் மண்டியிட்டு உட்கார்ந்தான். பையைப் பிரித்தான். வயர்களின் முனை சுத்தமாகச் சீவப்பட்டிருந்தது. செம்பில் திருகாணி கடித்த தடம் தெரிந்தது. வாஷிங் மெஷினில் இருந்தபோது ஏற்பட்டதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கெபாசிட்டரைச் சேர்த்தான், டேப் சுற்றினான், பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டான்.

மோட்டார் ஓடியது. பெல்ட் ஓடியது. செயினும் ஓடியது. பீப்பாய் அசையவில்லை. பின்சக்கரத்தின் நடுவிலிருந்து டிக்டிக்டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு அண்ணன் பின்னால் கேரியரில் உட்கார்ந்து வருவான். இறக்கம் வந்ததும் அண்ணன் மிதிப்பதை நிறுத்திவிடுவார். அப்போது சக்கரம் தானாக ஓட, இந்த டிக்டிக் மட்டும் கேட்கும். அந்த இறக்கம் இன்னும் கொஞ்ச தூரம் போகாதா என்று ஏங்கியிருக்கிறான். இப்போதும் ஏங்கினான். அண்ணியிடம் ஏதாவது சாக்குச் சொல்லி, சுவிட்சை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

அணைத்தான்.

"சக்கரத்த மாத்திப் பூட்டியிருக்காரு அண்ணி. செயின் வலப்பக்கம் வரணும், இடப்பக்கம் வந்திருக்கு. எதிர்ப்பக்கம் சுத்துனா பிடிக்காது, சும்மாதான் ஓடும். கழட்டி மாட்ட சாயங்காலம் ஆயிடும்."

"உங்கண்ணன் எந்தக் கையால சாப்பிடுவாரு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு மெஷினைப் பார்த்தான். சுவிட்ச் இடப்பக்கம். மண் போடும் வாய் இடப்பக்கம். மண்வெட்டி மாட்டும் கொக்கியும் இடப்பக்கம். சாப்பிடும்போது அவன் வேண்டுமென்றே அண்ணனுக்கு இடப்பக்கம் போய் உட்காருவான். அவனுடைய வலது முழங்கையும் அண்ணனுடைய இடது முழங்கையும் இடித்துக்கொண்டே இருக்கும். அம்மா இருவரையும் திட்டுவாள். இதைப் போய் எப்படி மறந்தான் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"சக்கரம் சரியாத்தான் இருக்கு" என்றான். "நான்தான் தப்பாக் குடுத்துட்டேன். ரெண்டு வயர மாத்தினா மோட்டார் திரும்பிச் சுத்தும்."

திருகாணியைக் கழற்றினான். "பத்து நிமிஷ வேலை அண்ணி. நான் வந்திருக்கணும்."

அண்ணி கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தாள்.

"தண்ணி ஏத்துற மோட்டாருக்கு யாரு கனெக்ஷன் குடுத்தது?"

"யாராவது ஆள் வெச்சு..."

"அவரேதான். இதுக்கும் போன மாசமே குடுத்து ஓட்டிப் பாத்தாச்சு. நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் உக்காந்து நாலு வயரையும் கழட்டி பையில சுத்தினாரு. ஏன்னு கேட்டா, இது இருந்தாதான் அவன் வருவான்னாரு."

அவன் கையிலிருந்த வயரைப் பார்த்தான். செம்பில் அண்ணன் முறுக்கிய தடம் இருந்தது. அதே தடத்தில் திருகாணியை வைத்து இறுக்கினான். கண்ணீர் மறைத்ததால் இரண்டு முறை தவறியது. அண்ணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடுங்க அண்ணி."

அவள் சுவிட்சைப் போட்டாள். பீப்பாய் ஒரு குலுக்கலோடு சுற்ற ஆரம்பித்தது. அவன் மண்வெட்டியை எடுத்து மண்ணை அள்ளிப் போட்டான். கல் கடகடவென்று உருண்டு மறுமுனையில் கொட்டியது. கீழே வைத்த தகரத்தில் மண் மாவாக உதிர்ந்து குவிந்தது.

சத்தம் கேட்டு முன்பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். சாவு வீட்டில் என்ன ஃபேக்டரி நடத்துகிறார்கள் என்பதுபோலப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார். அண்ணி நிறுத்தவில்லை. இரண்டு வாளி நிறைந்து மூன்றாவது பாதியாக இருந்தபோது, தோளில் பையோடு மகள் கதவருகே வந்து நின்றாள். அழுது வீங்கிய முகம். மெஷினையே பார்த்தாள்.

"அப்பா முடிச்சுட்டாராம்மா?"

"முடிச்சுட்டாரு" என்றாள் அண்ணி. "சித்தப்பா வந்துட்டாரு."

நான்கு மணிக்கு எடுத்தார்கள். வாளிகள் நான்கும் அவன் வண்டியிலேயே போயின. பெட்டியை இறக்கியதும் அண்ணி முதல் வாளியைச் சரித்தாள், மகள் இரண்டாவதை. மூன்றாவதைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். கடைசி வாளியை அவன் ஓரம் பார்த்து, மூலை பார்த்து, பலகை எங்கும் தெரியாதபடி தூவினான். அடியில் கொஞ்சம் மிஞ்சியது. வலது கையால் அள்ளியவன் ஒரு நிமிடம் நின்று, அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். பழக்கமில்லாத கை. தூவியபோது பாதி மண் விரலிடுக்கில் தங்கிவிட்டது.

குழி வெட்டியவர்கள் ஜல்லியோடு முதல் மண்வெட்டி மண்ணைத் தள்ளினார்கள். அவன் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணி திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் இடது கையை இன்னும் மூடியே வைத்திருந்தான்.