மேனேஜர் குதிக்கவில்லை

ஆய்வுக்கூடத்தில் அந்தப் பூனைக்கு மேனேஜர் என்று பெயர். மற்றவர்கள் வேலை செய்வதை நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும், தான் ஒரு துரும்பையும் நகர்த்தாது என்பதால் வந்த பெயர்.

அதன் பின்னங்காலில் ஒரு பட்டையைக் கட்டி, எந்தத் தசை எப்போது வேலை செய்கிறது என்று கணினியில் பார்ப்பதுதான் ஆராய்ச்சிக்காரியின் பிழைப்பு. தசைக்கு உத்தரவு போடுபவை தண்டுவடத்து நரம்பணுக்கள். அவற்றில் சிறியவை லேசாகச் சொன்னாலே கிளம்பிவிடும். வலு குறைவு, ஆனால் அவை இயக்கும் தசை சீக்கிரம் களைக்காது. பெரியவை எளிதில் அசையாது. அசைந்தால் முழு பலத்தையும் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். நிற்பதற்குச் சிறியவை போதும். பெரியவற்றைப் பார்க்கப் பூனை குதித்தாக வேண்டும். மீனைக் காட்டினாள், பந்தை உருட்டினாள், அலமாரி மேல் மெத்தை விரித்தாள். மேனேஜர் பிடித்து வைத்த பிள்ளையாராக இருந்தது.

அப்போதுதான் அவளுடைய அக்கா வந்தாள். அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்ற மனத்தாங்கலில் இருவருக்கும் பேச்சு நின்று வெகுநாளாகியிருந்தது. அப்பா வீட்டுச் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள். அக்காவுக்குப் பூனை என்றால் சிம்ம சொப்பனம். கதவைத் திறந்தவள் அலறிய அலறலில் மேனேஜர் மேஜையிலிருந்து ஒரே தாவலில் அலமாரி உச்சிக்குப் போனது. திரையில் கோடு செங்குத்தாக எழுந்தது. அக்கா வந்த வழியே போய்விட்டாள்.

பேராசிரியர் கோட்டைப் பார்த்து மகிழ்ந்தார். ஆனால் ஒருமுறை நடந்ததை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், இன்னும் சில தடவை வேண்டும் என்றார்.

ஆகவே அவள் அக்கா வீட்டுப் படியேற வேண்டியதாயிற்று. அக்கா விஷயம் என்னவென்று கேட்டாள்.

"சின்னச் சின்ன வேலைக்கு ஓடி வர்றது சின்னதுங்கதான்க்கா. பெரிசுங்க தலை போற காரியம்னாத்தான் எந்திரிக்கும்."

அக்காவின் முகம் மாறியது. "யாரைச் சொல்ற?"

"நரம்பைச் சொல்றேன்."

"அப்பா மாடிப்படியில விழுந்தப்ப அவரைத் தூக்கினது யாரு?"

"நீதான்."

"உன்னால முடிஞ்சிருக்குமா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். முடிந்திருக்காது. அப்படியே சொன்னாள். தினமும் மாத்திரை கொடுத்துக் குளிப்பாட்டுவது அக்காவால் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அக்கா மறுக்கவில்லை. மறுநாள் வருவதாகச் சொன்னாள்.

வந்தாள், அலறினாள். மேனேஜர் திரும்பிப் பார்த்தது. மறுபடி அலறினாள். கொட்டாவி விட்டது. பிறகு மேஜையிலிருந்து நாற்காலிக்கு ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி, அலறிக் களைத்து உட்கார்ந்துவிட்ட அக்காவின் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது. அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டாள். திரையில் சிறிய அணுக்களின் கோடும் மெல்லத் தாழ்ந்து தட்டையாகிவிட்டது.

"செத்துடுச்சா?"

"தூங்குது."

"எழுந்தா மேல பாயுமா?"

"தெரியல. இதுவரைக்கும் ஒரு தடவைதான் பாய்ஞ்சிருக்கு."

எழுந்திருக்க வழியில்லாததால் அக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்க முடியாமல் அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. கொஞ்சம் சண்டை போட்டார்கள், பூனை எழுந்துவிடாதபடி தணிந்த குரலில்.

ஆராய்ச்சிக் கட்டுரை, கடைசியில், நிற்பதையும் நடப்பதையும் பற்றித்தான் வெளிவந்தது. குதித்ததற்கு அடிக்குறிப்பில் ஒரு வரி. பேராசிரியருக்குத் திருப்தியில்லை.

சனி, ஞாயிறுகளில் அப்பா இப்போது அக்கா வீட்டில் இருக்கிறார், மற்ற நாட்களில் இவளுடன். அங்கே சாப்பாட்டில் உப்பில்லை என்று இவளிடம் சொல்கிறார். இங்கே உப்பைக் கொட்டுகிறார்கள் என்று அக்காவிடம் சொல்கிறாராம்.