பத்தொன்பது நாள் லீவு

தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்ட் கம்பெனி ஒன்றில் பதினைந்து வருஷம் வேலை பார்த்து ஹெட்கிளார்க் ஆனவன் நான். பெயர் வன்னியபெருமாள். ஆபீசில் எல்லோரும் என்னை 'இன்கம்டாக்ஸ் அண்ணாச்சி' என்பார்கள். அதில் பாதி கேலி. நான் முழுவதையும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பிராவிடண்ட் பண்டை, சர்க்கார் அங்கீகாரம் பெற்ற பண்டாகக் கம்பெனி மாற்றியபோது அந்தச் சட்டத்தைப் படித்தவன் நான் ஒருவன்தான். படித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? தபால்காரரைக்கூட நிறுத்தி வைத்து விளக்கினேன். இடையில் முறியாமல் ஐந்து வருஷம் சர்வீஸ் இருந்தால் எடுக்கிற பணத்துக்கு வரி கிடையாது. முறிந்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். இதைக் கேட்டுக் கேட்டுத் தபால்காரர் எங்கள் தெருவுக்கு வேறு வழியாக வர ஆரம்பித்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் நானே வேலையை விட்டேன். காயல்பட்டினம் மூஸா நெய்னாவின் தோணி கொழும்புக்குச் சரக்கேற்றிப் போய்வந்துகொண்டிருந்தது. அதில் கால் பங்கு ஐயாயிரம் ரூபாய்க்கு வருவதாக இருந்தது. பண்டில் எனக்கு ஐயாயிரத்து நாற்பது. மாதக் கடைசிக்குள் முழுப் பணமும் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக நெய்னா சொல்லிவிட்டார். சாவதற்குள் ஒரு தடவையாவது முதலாளி ஆகிவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

பண்டிலிருந்து வந்ததோ நாலாயிரத்து ஐந்நூற்று இருபத்தெட்டு. மீதி ஐந்நூற்றுப் பன்னிரண்டும் வரிப்பிடித்தம். ஊருக்குத்தான் உபதேசம் என்று தபால்காரர் சிரித்திருப்பார்.

காரணம் நான் பூர்த்தி செய்த பாரம். சர்வீஸ் விவரம் கேட்ட இடத்தில் அழகான கையெழுத்தில், '1942 ஏப்ரலில் ராஜினாமா. கம்பெனியின் வேண்டுகோளுக்கு இணங்கி அதே மாதம் மீண்டும் பணியேற்பு' என்று எழுதியிருந்தேன். வேண்டி அழைத்தால் முறிவு ஆகாது என்பது நானாகக் கண்டுபிடித்த சட்டம். உண்மையில், கம்பெனியே என்னை வேண்டி அழைத்தது என்பதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

நாற்பத்திரண்டில் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுநாள், ராஜினாமாக் கடிதத்தை எழுதி, எங்கள் வெள்ளைக்காரத் துரையிடம் சேர்க்கச் சொல்லிப் பக்கத்து மேஜை ரோச்சிடம் கொடுத்துவிட்டு, மனைவி முத்துக்கனியையும் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கொற்கைக்கு ஓடினேன். கடலே விட்டுவிட்டுப் போன ஊருக்கு ஜப்பான்காரன் எதற்கு வரப்போகிறான் என்பது என் கணக்கு. பத்தொன்பது நாள் கழித்து, கையில் காசில்லாமல் ஆபீசுக்குத் திரும்பினேன். துரை நிமிர்ந்து பார்த்து, "குட் மார்னிங்" என்றார். அவ்வளவுதான். அந்தக் குட் மார்னிங்கைத்தான் நாலு வருஷமாக, 'நீ இல்லாமல் ஆபீஸ் நடக்காது, வந்துவிடு' என்று ஊரெல்லாம் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

இன்கம்டாக்ஸ் ஆபீசர் பொறுமையாகக் கேட்டார். கம்பெனி அழைத்த கடிதத்தைக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றார். துரை சீமைக்குப் போய்விட்டார். என் நாற்காலியில் இப்போது ரோச் இருந்தான். அவனிடம் போய்க் கேட்டேன்.

ரோச் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துத் திறந்தான். பத்தொன்பது நாளும் என் பெயருக்கு நேரே 'லீவு'. பக்கத்தில் துரையின் கையெழுத்து. பிறகு மேஜையிலிருந்து ஒரு கவரை எடுத்து என் முன் வைத்தான். என் ராஜினாமா. உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"ஒங்க மாமனாருக்கு மேலுக்குச் சரியில்லன்னு தொரகிட்டச் சொன்னேன். பயம் தெளிஞ்சா வருவீயன்னு தெரியும். பிள்ளையள வச்சுக்கிட்டு வேற எங்கன போவீய?"

என்னை யாரும் அழைக்கவில்லை. நான் வேலையை விட்டதே ஆபீசில் ரோச்சைத் தவிர யாருக்கும் தெரியாது.

இன்கம்டாக்ஸ் ஆபீசுக்குப் பதிவேட்டோடு ரோச்சும் வந்தான். பாரத்தில் எழுதியது பொய் என்று எழுதிக் கொடுத்தால் பிடித்த பணம் திரும்பும் என்றார் ஆபீசர். 'எதிர்பாராத சூழ்நிலை காரணமாக' என்று இங்கிலீஷில் தொடங்கினேன். நடந்ததை மட்டும் எழுதுங்கள் என்றார். தோணியை நினைத்துக்கொண்டு எழுதினேன்: 'பயந்து ஓடினேன். கம்பெனி என்னை வேண்டி அழைக்கவில்லை. நான் இல்லாத நாட்களில் என் வேலையையும் ரோச்சே பார்த்தார்.' கையெழுத்துப் போட்டேன். ஐந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாயும் திரும்பக் கிடைக்க உத்தரவு ஆயிற்று.

வெளியே வந்ததும்தான் எனக்கு உறைத்தது. கொற்கையிலிருந்து திரும்பிய அன்று நான் செய்த முதல் வேலை, என் பேரேட்டில் ரோச் ஒரு சரக்கைப் பக்கம் மாற்றி எழுதியிருந்ததைக் கண்டுபிடித்ததுதான். ஆபீசே பார்க்க அவனை நிற்கவைத்து ஏசி, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினேன். அவனும் எழுதிக் கொடுத்தான்.

"அன்னைக்கே அந்த ராஜினாமாவ என் மூஞ்சியில எறிஞ்சிருக்கலாமேடே" என்றேன்.

ரோச் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"எறியலாம்னுதான் கையில எடுத்தேன், அண்ணாச்சி. ஒங்க வேலை போயிருமேன்னு வச்சுட்டேன். ஆனா நீங்க ஒரு நாளாவது, 'அந்தப் பத்தொம்பது நாளும் நீ எப்பிடிலே தனியாச் சமாளிச்ச'ன்னு கேப்பீயன்னு இருந்தேன்."