பின்பக்கக் குழாய்

ஒரு மனிதருக்குப் பினாயில் என்று பட்டப்பெயர் வந்தால் அது சும்மா வராது. குடிநீர் நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்த காலத்தில், தொட்டிக்குப் பக்கத்தில் யாராவது தும்மிவிட்டால் போதும், ஆளை ஒரு வழி பண்ணிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சுத்தம் முழுக்க வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. கதவுக் கைப்பிடி, டெலிபோன், பேரனின் பொம்மை என்று எதையும் விடாமல் துடைப்பார். ஒரே ஒரு இடத்தை மட்டும், அதாவது தன் வாயை, வருஷக்கணக்கில் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார்.

பல் டாக்டர் என்றாலே அவருக்குச் சின்ன வயதிலிருந்து உதறல். காலையும் இரவும் முன்பல்லை மட்டும் பளபளவென்று தேய்த்துக்கொள்வார். பின்பல்லெல்லாம் காரை கட்டிக் கிடந்தது. பேசும்போது வாய்க்கு மறைவாகக் கையை வைத்துக்கொள்வார். பெரிய மரியாதைக்காரர் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மருமகள் பல் டாக்டர். மகன் விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தவள். அவள் வந்த முதல் வாரமே, மனைவியிடம் சொல்வதுபோல அவள் காதில் விழும்படி மாமனார் ஒரு சட்டம் போட்டார்.

"கண்டவன் வாயில கைய விட்டுட்டு வர்றா. நேரா உள்ள வரவேண்டாம். பின்பக்கமா வந்து, குழாயில கைகால் கழுவிட்டு, துணி மாத்திக்கட்டும். அதுவரைக்கும் எதையும் தொடவேண்டாம்."

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள்தான் கண்ணைக் காட்டி அடக்கினாள். அன்றிலிருந்து மழையானாலும் பனியானாலும், பிள்ளையைச் சுமந்த மாதங்களிலும்கூட, வேலை முடிந்து வந்தால் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குத்தான் போனாள். எந்தக் கிளினிக்கில் வேலை, எப்படிப்பட்ட வேலை என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்போது அவருக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும் என்று ஆகிவிட்டது. வாயில் இருக்கும் கிருமி ரத்தத்தில் ஏறிப் புது வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். அதனால் முதலில் பல்லைச் சுத்தம் செய்து, பல் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள், இல்லாவிட்டால் ஆபரேஷன் கிடையாது என்று இதய டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு எதற்கு அலைகிறீர்கள், மருமகளிடமே காட்டுங்களேன் என்றாள் மனைவி. அதைவிட மானம் போகிற காரியம் வேறு உண்டா? அவள் கையை அழுக்கென்று சொன்ன வாய் உள்ளே எப்படி நாறிக்கிடக்கிறது என்று அவளே பார்ப்பதா? என் பல்லுக்கு ஒன்றும் இல்லை, வெறும் கையெழுத்துதானே என்று கதை அளந்துவிட்டு, இரண்டு பஸ் மாறி, ஊரின் மறுகோடியில் ஒரு கிளினிக்கைப் பிடித்தார்.

நர்ஸ் அவரை நாற்காலியில் சாய்த்து, மார்பில் ஒரு காகிதத் துண்டைக் கட்டினாள். பக்கத்துத் தட்டில் நுனி வளைந்த கம்பிகள் மினுங்கின. கதவைத் திறந்துகொண்டு டாக்டர் உள்ளே வந்தாள். முகத்தில் மாஸ்க் இருந்தால் என்ன, ஒரே வீட்டில் இருக்கிறவளின் கண் தெரியாமலா போகும்? மருமகள் ஒரு கணம் நின்றாள். ஓடிவிடலாமென்றால் கழுத்தில் துண்டு. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"வணக்கம் ஐயா. இதுக்கு முன்னாடி பல் க்ளீன் பண்ணியிருக்கீங்களா?"

வீட்டில் வாய்நிறைய மாமா என்பவள். நர்ஸுக்கு முன்னால் அவர் மானத்தைக் காப்பாற்றத்தான் இந்த ஐயா என்று புரிந்ததும் அவருக்குக் குன்றிப்போயிற்று. இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார்.

இதய டாக்டரின் சீட்டைப் படித்துவிட்டு, முன்கூட்டியே போடச் சொன்ன மாத்திரையைப் போட்டாரா என்று கேட்டுக்கொண்டாள். பிறகு கை கழுவினாள். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று அவள் கழுவிய கழுவலில் பினாயில் தோற்றுப்போனார். கையுறை மாட்டிக்கொண்டு, என்னென்ன நடக்கும் என்று நிதானமாகச் சொன்னாள். முதலில் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்ப்பாளாம். அப்புறம் ஒரு மெஷின் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே அதிர்ந்து காரையை உதிர்க்குமாம். சத்தம்தான் பெரிசு, கொஞ்சம் ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், தாங்க முடியாவிட்டால் இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவாளாம்.

அவர் வாயைத் திறந்தார். நர்ஸ் மாஸ்க்கை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டாள். மருமகள் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மெஷின் ரீங்காரமிட்டது. ஈறு சுரீரென்றது. கையைத் தூக்கக்கூடாது, எனக்கு இது வேண்டும் என்று வீம்பாகப் பல்லைக் கொடுத்துக்கொண்டு கிடந்தார். அவளே அவர் கால்விரல் மடங்குவதைப் பார்த்து, நிறுத்தி, இளைப்பாற விட்டு, மறுபடி தொடங்கினாள். கறுப்பும் மஞ்சளுமாகக் காரை பெயர்ந்து வந்தது. ஒருமுறை அவர் எச்சில் ரத்தத்தோடு தெறித்து அவள் முழங்கையில் விழுந்தது. அவள் பஞ்சால் ஒற்றிவிட்டு வேலையைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கலாமென்றால் வாய் நிறையக் குழாய். கண்டவன் வாய் என்று சொன்னோமே, அந்தக் கண்டவன் வேறு யாருமில்லை என்று நினைத்தபோது, அவர் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. வலிக்கிறது போலிருக்கிறது என்றாள் நர்ஸ்.

கடைசியில் சுழலும் சின்ன பிரஷ்ஷில் பசையைத் தொட்டு ஒவ்வொரு பல்லையும் மெருகேற்றினாள். கொப்புளிக்கத் தண்ணீர் கொடுத்தாள். காரை இருந்த இடம் காலியாகிவிட்டதால் பல் இடைவெளி பெரிதாகத் தெரியும், ரெண்டு நாளைக்குக் கூசும், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்புளிக்க வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஆறு மாதம் கழித்து வாருங்கள் ஐயா என்றாள், எல்லாருக்கும் சொல்வதுபோல.

அன்று சாயந்தரம் பினாயில் முன்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார். இன்றைக்கு அவள் இந்த வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். என்னவெல்லாமோ பேச வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கேட் திறந்தது. செருப்புச் சத்தம் படிவரை வந்தது. திரும்பி, பக்கவாட்டுச் சந்தில் போனது. கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்தது.

வீட்டுக்குள்ளேயே விறுவிறுவென்று நடந்து பின்வாசலுக்குப் போனார். அவள் குனிந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"முன்கதவைத் திறந்துதாம்மா வச்சிருந்தேன்."

அவள் குழாயை மூடினாள்.

"பார்த்தேன் மாமா. கால் தானா இந்தப் பக்கம் வந்துடுது."

அவர் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். ஈரக்கையோடு படியேறி வந்தவள், அவர் மேல் படாமல் எட்டவே நின்றுகொண்டாள். குத்திக்காட்டுகிற பெண் இல்லை அவள். எப்போதும் பேசுகிற அதே குரலில்தான் சொன்னாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க மாமா. இன்னும் துணி மாத்தல, மேல பட்டுடும்."